ஐயா சாப்பிட்டார்

லியேஜ், பெல்ஜியம்
6 அக்டோபர் 1996

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஹுவேஃபா வணங்கி எழுதுவது. நான் சுகம். அப்பாவின் முழங்காலும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. காலையில் பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது.

அப்பா, நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். திட்டாமல் படியுங்கள். மாலையில் நான் கூட்டித் துடைக்கப் போகும் கடைகளில் ஒன்று, கிளி, முயல், மீன் எல்லாம் விற்கும் கடை. போன வாரம் அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், மஞ்சள் பல்புக்குக் கீழே, நம் ஐயா சுருண்டு கிடந்தார். டாங்பேயேதான், நம் மலைப்பாம்புச் சாமியேதான். நம் கோயிலில் இருக்கும் அதே பழுப்பு, அதே கறுப்புப் பட்டை. கண்ணாடியில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தார்கள். கையில் துடைப்பத்தோடு அப்படியே மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்துவிட்டேன். கடைக்கார அம்மாள் நான் மயங்கி விழுந்ததாக நினைத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

விலைச்சீட்டோடு அவரை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. பெட்டியோடு, பல்போடு வாங்கி வந்துவிட்டேன். வந்த நாளிலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லை. கடைக்காரி பனிக்கட்டியாக உறைந்த செத்த எலி ஒன்றைப் பையில் போட்டுக் கொடுத்தாள். வெந்நீரில் போட்டு எடுத்து வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கே அவமானமாக இருந்தது.

நம் ஊரில் ஐயாவை எப்படிச் சாப்பிட வைக்கிறார்கள்? பூசாரியைக் கேட்டு எழுதுங்கள். அவர் என் அறையில் பட்டினியாகப் போய்விட்டால் நான் ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது.

உங்கள் மகள்,
ஹுவேஃபா


உய்டா, பெனின்
29 அக்டோபர் 1996

அன்பு மகளுக்கு உன் அப்பா அகோசு எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். என் இரண்டு முழங்கால்களும் என்னிடம்தான் இருக்கின்றன, ஒன்று மட்டும் நான் சொல்வதைக் கேட்பதில்லை.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் உன் அம்மா சொன்ன முதல் வார்த்தை இது: "வாங்கினேன்னு எழுதியிருக்காளே, அழைச்சிட்டு வந்தேன்னு எழுதச் சொல்லுங்க." அவள் பிறந்த வீடு ஐயாவின் கோயிலைச் சேர்ந்தது என்பதால் இந்த விஷயத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். திருத்திக்கொள்.

அன்றைக்கே டயர் ஒட்டும் கடையை மூடிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பூசாரி மரத்தடியில் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, ஐயாவை எப்படிச் சாப்பிட வைப்பது என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்தார்.

"அகோசு, இத்தனை வருஷமா இந்த ஊர்லதானே இருக்கே. எவனாவது ஐயாவுக்குத் தட்டு வச்சுப் பாத்திருக்கியா?"

"இல்லை."

"ராத்திரி கதவைத் திறந்து விடறோம். போறார், சாப்பிடறார், வர்றார். வர மறந்துட்டா யாராவது தோள்ல போட்டுக் கொண்டாந்து விடறாங்க. இதுல நாங்க என்னத்தைப் பண்றோம்?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஊர் முழுக்க ஐயாக்கள். சந்தையில் பார்க்கிறோம், பாயில் பார்க்கிறோம், ஒரு முறை என் டியூப் குவியலுக்குள்ளேயே ஒருவர் படுத்திருந்தார். ஆனால் அவர் சாப்பிட்டு ஒருவரும் பார்த்ததில்லை. ஊட்டியவன் ஒருவனும் இல்லை. நம் ஊர் வழக்கப்படி கால் முதலில் வெளியே வந்த பிள்ளைக்கு அகோசு என்று பெயர். அன்றிலிருந்து நான் எதைக் கேட்கப் போனாலும் இப்படித்தான் தலைகீழாக முடிகிறது. ஆகவே ஊரின் பதில்: கதவைத் திறந்து விடு.

உன் அம்மாவுக்கு இருமல் இல்லை. வாய் கசக்கிறதாம், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மழைக்கால வயிறு, வேறொன்றுமில்லை. அங்கே தங்க அனுமதி கேட்ட உன் வழக்குக்கு நீதிமன்றத் தேதி வந்ததா?

ஐயாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்.
அப்பா


லியேஜ்
17 நவம்பர் 1996

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு, நான் சுகம். கம்பளிச் சட்டை இரண்டு போட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் வரும்போது அம்மாவின் வாய்க்கசப்பு போயிருக்க வேண்டும்.

இங்கே கதவைத் திறந்தால் நடைபாதை, அதற்கு அப்பால் பனி. அறைக்குள்ளேயே பெட்டியைத் திறந்து விட்டேன். நேராக நகர்ந்து குளிர்பெட்டிக்குப் பின்னால் போய்விட்டார். அங்கே சூடு. மூன்று நாள் அங்கேதான் குடித்தனம். நாலாம் நாள் தூக்கிப் பெட்டியில் விட்டேன்.

செத்தது பிடிக்கவில்லையோ என்று உயிரோடு ஒரு எலி வாங்கி வந்தேன் (எலியை வாங்கினேன் என்றே எழுதுகிறேன், அம்மா கோபிக்க மாட்டாள்). பெட்டிக்குள் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் எலி, ஐயாவின் முதுகில் ஏறிப் படுத்துத் தூங்குகிறது. ரொட்டித் துண்டு கொடுத்தேன், நன்றாகச் சாப்பிடுகிறது. இப்போது என் வீட்டில் மூன்று பேர். அதில் எலிக்கு மட்டும்தான் பசிக்கிறது.

அப்பா, அம்மா எப்போதும் கடைசியில் தன் பங்குக்கு ஒரு வரி எழுதச் சொல்வாளே. போன கடிதத்தில் அதைக் காணோம்.

ஹுவேஃபா


உய்டா
12 டிசம்பர் 1996

அன்பு மகளுக்கு, தாமதத்துக்கு மன்னி. இங்கே சுகம். அம்மாவைக் கண் காட்டக் கோட்டோனூ நகரம் வரை கூட்டிப்போனேன். பெரிய ஆஸ்பத்திரி, நிறைய நாள் காத்திருக்க வைத்தார்கள். மூக்குக்கண்ணாடி போடச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் போடவில்லை. அதனால்தான் அவள் வரியைக் காணோம். உன் முதுகெலி கதையைக் கேட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஐயா விஷயமாக நான் நிறைய யோசித்தேன். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவன் யோசித்தது, ஆனாலும் கேள். கொடுப்பதை வெதுவெதுப்பாகக் கொடு, உள்ளங்கைச் சூடு போதும். நிறைய வைக்காதே. நிறையப் பார்த்தாலே மிரண்டு போகும். எண்ணெய் வாடை தூக்கலாக இருக்கக் கூடாது. முக்கியமாக, வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து வாயையே பார்த்துக்கொண்டிருக்காதே. அப்படிப் பார்த்தால் யாருக்குத்தான் இறங்கும். கரண்டியை நீட்டிக்கொண்டு பின்னாலேயே போகாதே. வைத்தோமா, வெளியே போய் ஒரு டயரைத் தட்டினோமா என்று இருக்க வேண்டும். திரும்பி வந்து பார்த்தால் சில நேரம் கொஞ்சம் குறைந்திருக்கும். குறையாவிட்டால் முகத்தில் காட்டாதே. பாத்திரத்தை எடுத்துக் கழுவி வைத்துவிடு.

வேறு வழி தெரிந்தால் எழுதுகிறேன். உன் பக்கம் யாருக்காவது தெரிந்தால் நீயும் எழுது.

அப்பா


லியேஜ்
29 டிசம்பர் 1996

அன்புள்ள அப்பாவுக்கு, நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் எழுதியபடியே செய்கிறேன். வெதுவெதுப்பாக, கொஞ்சமாக. வைத்துவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். இன்னும் சாப்பிடவில்லை.

சிலவற்றைக் கேட்க வேண்டும். தண்ணீர் மட்டும் இறங்கினால் எவ்வளவு காலம் தாங்கும்? தோலுக்கடியில் எலும்பு தெரிய ஆரம்பித்தால் ஆபத்தா? வலி இருக்குமா? இதையெல்லாம் யாரிடமாவது கேட்டு எழுதுங்கள். எதையும் விடாமல் எழுதுங்கள்.

என் வழக்கு மார்ச் பத்தொன்பதுக்குக் குறித்திருக்கிறார்கள். அதற்குள் நான் நாட்டை விட்டு வெளியே காலை வைத்தால் வழக்கு முடிந்ததாக எழுதிவிடுவார்களாம். ஆறு வருடம் காத்திருந்தது போய்விடும். திரும்பி உள்ளே வரவும் முடியாது. வக்கீல் அம்மாளிடம் இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் அதையேதான் சொன்னாள்.

அம்மாவின் பக்கத்திலேயே இருங்கள்.

ஹுவேஃபா


உய்டா
21 ஜனவரி 1997

அன்பு மகளுக்கு, இங்கே நான் நலம், கடை நலம், முழங்கால் வழக்கம்போல.

நீ கேட்டவற்றைக் கேட்டேன். தண்ணீர் இறங்கும் வரை பயம் வேண்டாம் என்கிறார்கள். எலும்பு தெரிவது தெரியத்தான் செய்யும். இரவில் வலி இருக்கிறது, அதற்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உன் ஐயாவைப் பற்றித்தான் சொல்கிறேன். பொதுவாக ஐயாக்களுக்கு.

இன்னொன்று. "சாப்பிடு" என்ற சொல்லையே எடுக்காதே. நான் ஒரு நாள் பொறுமையிழந்து உன் அம்மாவை அதட்டிவிட்டேன். அவளும் இப்போதெல்லாம் சரியாகச் சாப்பிடுவதில்லை, சின்ன விஷயம்தான். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு நான் அதட்டினால் அவளுக்குச் சிரிப்புதான் வருகிறது. "என்னை விடுங்க. அங்க அவ வீட்ல ஐயா என்னைக்குச் சாப்பிடறாரோ, அன்னைக்கு நானும் சாப்பிடறேன். எழுதிப் போடுங்க" என்றாள். விளையாட்டாகச் சொன்னதுதான். எழுதச் சொன்னாள் என்று எழுதிவிட்டேன்.

தேதி வரை நீ அங்கேயே இரு. அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள். மற்ற எதைச் சொல்லும்போதும் குரல் எழும்புவதில்லை, இதைச் சொல்லும்போது மட்டும் எழும்புகிறது.

அப்பா


லியேஜ்
2 பிப்ரவரி 1997

என் அன்பான அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நான் மிகவும் சுகம், சந்தோஷமாக இருக்கிறேன். அப்பா, இதை அம்மாவுக்கு மெதுவாக, ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுங்கள்.

ஐயா சாப்பிட்டார்!

வெள்ளிக்கிழமை மாலை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா சொன்ன மாதிரி வெதுவெதுப்பாக வைத்தேன். சின்னதாக வைத்தேன். பெட்டியின் மேல் அம்மாவின் பழைய நீலத் துணியைப் போர்த்தினேன், நான் கிளம்பும்போது அம்மா என் தலையில் கட்டிவிட்டாளே, அந்தத் துணி. அம்மாவின் வாசனை இன்னும் அதில் இருக்கிறது. ஊர் ஆள் யாரோ வந்திருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, அம்மா சோளமாவு கிளறும்போது பாடும் பாட்டைப் பாடினேன். மேல்வீட்டுக் கிழவர் எட்டிப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

திரும்பி வந்து துணியை விலக்கினால் வைத்ததைக் காணோம். நடு உடம்பில் ஒரு சின்ன வீக்கம். தலை நிமிர்ந்து இருந்தது. என்னைப் பார்த்தார், நாக்கை நீட்டினார். இவ்வளவு நாளும் சும்மா உன்னைச் சோதித்தேன் என்பது போல இருந்தது. நான் அறை முழுக்க ஆடினேன். மேல்வீட்டுக் கிழவர் தரையைத் தட்டினார்.

இத்தனை மாதம் எதுவும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர், அம்மா. ஒரு வாய் இறங்கியதும் மறுநாள் இன்னொன்று கேட்டார். உடம்புக்கு மறந்து போயிருக்கிறது, அவ்வளவுதான், ஒரு வாய் போனால் நினைவு வந்துவிடுகிறது. பளபளப்பு திரும்பி வருகிறது. கடைக்காரியே பார்த்துவிட்டு, பிழைத்துக்கொண்டார் என்றாள்.

அம்மா, நீ சொன்ன சொல் இருக்கிறது. நான் காத்திருக்கிறேன்.

உன் ஹுவேஃபா


உய்டா
23 பிப்ரவரி 1997

அன்பு மகளுக்கு, இங்கே சுகம். உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னாள். அன்றைக்கு நம் வீட்டில் அடுப்பு நல்லபடியாக எரிந்தது.

நிறைய எழுத வரவில்லை. தேதி அன்றைக்குக் காலையில் ஏதாவது சூடாகக் குடித்துவிட்டுப் போ. அவர்கள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல். அழாதே.

அப்பா


உய்டா
30 மார்ச் 1997

என் மகளே,

உன் வழக்கு நாள் முடிந்திருக்கும். முடிந்த பிறகுதான் எழுத வேண்டும் என்று எனக்குக் கட்டளை. இப்போது எழுதுகிறேன்.

உன் அம்மா டோசி மார்ச் நான்காம் தேதி விடியற்காலையில் போய்விட்டாள். வயிற்றில் கட்டி. கோட்டோனூவுக்குக் கூட்டிப்போனது அதற்குத்தான், கண்ணுக்கு இல்லை. வெட்டி எடுக்கக் கூடிய இடத்தில் இல்லை என்றார்கள். உனக்குச் சொல்லக் கூடாது என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். சொன்னால் வந்துவிடுவாய், வந்தால் ஆறு வருடம் போய்விடும் என்றாள். எனக்கு உண்மையை நேராக எழுதத் தெரியும், பொய்யை நேராக எழுதத் தெரியாது. எப்படியோ உருட்டிக்கொண்டு வந்தேன்.

அவள் பிறந்த வீட்டார் வந்து எல்லாவற்றையும் முறைப்படி செய்தார்கள். வெள்ளைத் துணியை உன் பெயரைச் சொல்லித்தான் போர்த்தினோம். உன் பங்கை உன் அத்தை மகள் சுமந்தாள்.

நீ என்னைத் திட்டி எழுது. பதில் எழுதாமல் மட்டும் இருக்காதே.

அப்பா


லியேஜ்
20 ஏப்ரல் 1997

அப்பா,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? முதலில் அதை எழுதுங்கள். ஏதாவது சாப்பிடுகிறீர்களா?

திட்ட எனக்கு உரிமை இல்லை. எனக்குத் தெரியும், அப்பா. டிசம்பரிலிருந்தே தெரியும். சொல்லி எழுத வைப்பவளுக்கு மூக்குக்கண்ணாடி எதற்கு? எலிக்கு யாராவது எண்ணெய் ஊற்றுவார்களா? ஐயாவுக்குப் பின்னால் யாராவது கரண்டியோடு போவார்களா? அந்த வரியைப் படிக்கும்போது அடுக்களையில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வதும், நீங்கள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போவதும் அப்படியே தெரிந்தது. நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவீர்கள். சொல்லிவிட்டால் நான் வர வேண்டும். வர எனக்குப் பயமாக இருந்தது. நீங்கள் மறைத்தது அம்மாவின் சத்தியத்துக்காக. நான் கேட்காமல் இருந்தது எனக்காக.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐயா சாப்பிடவே இல்லை. ஜனவரியில் ஒரு நாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது, அவருக்குச் சூடு தரும் பல்பு அணைந்துவிட்டது. வந்து பார்த்தால் பெட்டி ஜில்லென்று இருந்தது, உள்ளே ஐயா அசைவில்லாமல் கிடந்தார். வெள்ளைத் தலையணை உறையில் சுற்றி, ஆற்றங்கரையில் மண் இளகியிருந்த இடம் தேடிப் புதைத்தேன். அதற்குப் பத்து நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. ஐயா என்றைக்குச் சாப்பிடுகிறாரோ அன்றைக்கு நானும் என்று அம்மா சொன்ன கடிதம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் வேறு என்ன எழுதியிருக்க முடியும்? காலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து எழுதினேன். சாகக் கிடந்த அம்மாவிடம் நான் கடைசியாகச் சொன்னது ஒரு பொய்.

காகிதம் கிடைத்துவிட்டது. அவர்கள் கைகொடுத்து வாழ்த்தினார்கள். இனி நான் எப்போது வேண்டுமானாலும் வரலாமாம்.

ஹுவேஃபா


உய்டா
11 மே 1997

என் அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

சாப்பிடுகிறேன். உன் அத்தை மகள் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எவ்வளவு தொந்தரவு என்று இப்போதுதான் புரிகிறது. உன் அம்மாவிடம் நிறைய மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஐயாவைப் பற்றிப் பூசாரியிடம் சொன்னேன். வெள்ளைத் துணி சுற்றினாளா என்று கேட்டார். சுற்றினாள் என்றேன். அப்படியானால் முறையாகத்தான் போயிருக்கிறார் என்றார். அதை விட்டுவிடு.

இப்போது உன் கடிதம் வந்த நாளைச் சொல்கிறேன். முன்பு இதை எழுத வழி இல்லாமல் இருந்தது. மதியம். அவளைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்துப் படித்தேன். நான் முழுக்க நம்பினேன். படிக்கும்போதே "பாத்தியா டோசி, சாப்பிட்டுட்டார்" என்று கத்தினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"பொய்" என்றாள்.

எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

"அவ நெசம் சொன்னா ரெண்டு வரிதான். சின்னதுலேருந்தே அப்படி. இது எத்தனை பக்கம் பாருங்க."

எண்ணிப் பார்த்தேன். நான்கு பக்கம். நான் கோபப்பட்டு, பிள்ளை எதற்கு உன்னிடம் பொய் சொல்லப் போகிறாள் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். முப்பத்தைந்து வருடமாக இந்த மனுஷனோடு எப்படிக் குடித்தனம் நடத்தினேன் என்று யோசிக்கும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"அவளுக்குத் தெரிஞ்சு போச்சுங்க. தெரிஞ்சுதான் எழுதியிருக்கா. பொய் சொல்லவே வராத பொண்ணு, இவ்வளவு கஷ்டப்பட்டு ஒண்ணு சொல்லியிருக்கா. அதை வீணாக்கச் சொல்றீங்களா? போய் அடுப்பை மூட்டுங்க."

அகாசா வேண்டும் என்றாள், வாழையிலையில் கட்டின புளித்த சோள உருண்டை. கூடக் கொஞ்சம் மீன் சாறு. நான் ஓடினேன். அந்த முழங்காலும் ஓடியது. கொண்டுவந்து வைத்துவிட்டு வழக்கம்போல வெளியே போகத் திரும்பினேன். "எங்க போறீங்க, உக்காருங்க. பாத்தாத்தானே அவளுக்கு எழுத முடியும்" என்றாள். எதிரே உட்கார்ந்தேன். உருண்டையைத் தானே பிட்டு, சாற்றில் தொட்டு, தானே வாயில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வாய்க்கும் நெடுநேரம் ஆனது. வலித்திருக்கும். பாதிக்கு மேல் சாப்பிட்டாள். கையைக் கழுவிவிட்டு, "நல்லா இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. ஆகவே உன் அம்மா கடைசியாகச் சாப்பிட்ட சாப்பாடு நீ அனுப்பியது. நான் இத்தனை மாதம் கரண்டியோடு அலைந்து ஊட்ட முடியாததை நீ அவ்வளவு தூரத்திலிருந்து ஊட்டிவிட்டாய்.

அதைப் பொய் என்று தான் கண்டுபிடித்ததை உன்னிடம் சொல்லக் கூடாது என்றும் சத்தியம் வாங்கினாள். அவள் வாங்கிய சத்தியங்களில் ஒன்றைத்தான் என்னால் காப்பாற்ற முடிந்தது.

டிக்கெட் எடுத்ததும் எழுது. கோட்டோனூ விமான நிலையத்துக்கு வந்து நிற்கிறேன். அழைத்து வர ஆள் வேண்டும் என்று இல்லை, உனக்கு வழி தெரியும். எனக்கு அங்கே நிற்க வேண்டும் போல இருக்கிறது.

அப்பா